டிக்கெட் விலை டிக்கெட்டில் இல்லை மக்களே!

"மச்சி, பெங்களூருக்கு ஃப்ளைட் டிக்கெட் 1,800 ரூபாய்க்குப் போட்டேன்டா!"

நம்ம கிளாஸ்ல மாசத்துக்கு ஒருத்தனாவது இந்த டயலாக்கை விடுகிறான். சுத்தி நாலு பேர் வாயைப் பிளக்கிறார்கள். யாரும் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. "சரிடா, ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போவே? அங்க இறங்கி ஊருக்குள்ள எப்படிப் போவே?" என்று கேட்டால் நம்மைத்தான் கஞ்சப்பிசினாறி என்கிறார்கள். 'ஃப்ளைட்ல போறவனுக்கு டாக்ஸிக்குக் காசு இல்லாமலா போயிடும்?' என்று ஒரு நக்கல் வேறு.

இந்த நக்கலைத்தான் இன்னைக்குக் கிழிக்கப் போகிறேன். இதை நம்ம நண்பர்கள் சொன்னால் பரவாயில்லை, சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனால் விமான நிலையத்தை எங்கே கட்டுவது, அங்கே போக என்ன வழி வைப்பது என்று முடிவு செய்கிறவர்களும் இதே நினைப்பில்தான் இருக்கிறார்கள். அதற்கான விலையை வருஷக்கணக்கில் கொடுப்பது நாம்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதலில் ஒரு காஸ்ட் ஷீட்

மூணு வருஷமா காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறோம். ஒரு பொருளின் விலை அதன் மூலப்பொருள் விலை மட்டும் இல்லை, ஓவர்ஹெட் சேர்த்தால்தான் அடக்கவிலை என்று முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார்கள். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சொந்தக் காசு என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

குரோம்பேட்டையில் இருந்து பெங்களூரு மெஜஸ்டிக் போகிற ஒருத்தனை எடுத்துக்கொள்வோம். டிக்கெட் அதே 1,800. குரோம்பேட்டையில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் பல்லாவரம், அடுத்தது திரிசூலம். டிக்கெட் 5 ரூபாய். ஜி.எஸ்.டி ரோட்டுக்கு அடியில் சுரங்கப்பாதையில் நடந்தால் எதிரே விமான நிலையம். அஞ்சு ரூபாய்க்கு ஏர்போர்ட்! இந்தியாவில் பல நகரங்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

அந்தப் பக்கம் கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்குகிறான். ஊரின் மையத்தில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர். அரசு பஸ் 'வாயு வஜ்ரா' இருக்கிறது. குளுகுளு வண்டி, இரவிலும் ஓடுகிறது, குறை சொல்ல மாட்டேன். இறங்கும் இடத்தைப் பொறுத்து 250இல் இருந்து 350 ரூபாய் வரை ஆகும். கணக்குக்கு 300 என்று வைப்போம். டாக்ஸி என்றால் ஊருக்குள் வர ஆயிரத்தை ஒட்டி. எலக்ட்ரானிக் சிட்டி போகிறவன் ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும், அவன் மீட்டரைப் பார்க்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

ஆக பஸ்ஸில் போனால் ஓவர்ஹெட் 305 ரூபாய், டிக்கெட்டில் 17 சதவீதம். டாக்ஸியில் போனால் 1,005 ரூபாய், டிக்கெட்டில் பாதிக்கு மேல்! இது ஒரு வழிக்கு மட்டும். ஓவர்ஹெட் பாதிக்கு மேல் போகிற பொருளை எந்தக் கம்பெனியாவது 'மலிவு' என்று சொல்லி விற்குமா? நாம் சொல்கிறோம்.

நேரத்தையும் கூட்டிப் பார்ப்போம்

'காசு போனா போகட்டும் பாஸ், நேரம் மிச்சமாகுதே' என்பது அடுத்த வாதம். அதையும் பார்த்துவிடலாம்.

அதே குரோம்பேட்டை ஆள். வீட்டில் இருந்து விமான நிலைய வாசல் வரை முக்கால் மணி நேரம். பெட்டி போடுகிற கவுண்டரை உள்நாட்டு விமானங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். அதற்கு மேல் செக்யூரிட்டி வரிசை. அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். விமானம் ஒரு மணி நேரம். இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. பஸ்ஸுக்குக் காத்திருந்து மெஜஸ்டிக் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி. மொத்தம் ஐந்தரை மணி நேரம்.

இப்போது ரயில். சென்ட்ரலில் இருந்து பெங்களூருக்கு 2022 நவம்பரில் வந்தே பாரத் விட்டார்கள். நாலே கால், நாலரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. சேர் கார் டிக்கெட் ஆயிரம் ரூபாய் வாக்கில். குரோம்பேட்டையில் இருந்து பார்க் ஸ்டேஷன் போய் சென்ட்ரலுக்கு நடக்க ஒன்றே கால் மணி, 10 ரூபாய். இருபது நிமிடம் முன்னால் போய் உட்காரலாம். ரயிலில் 4 மணி 20 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் 5 மணி 55 நிமிடம். இறங்கினால் எதிரே மெஜஸ்டிக்.

வித்தியாசம் எவ்வளவு? இருபத்தைந்து நிமிடம்! அதற்குக் கொடுக்கிற அதிகப்படி காசு 2,105 கழித்தல் 1,010, அதாவது 1,095 ரூபாய். மணிக்குக் கணக்குப் போட்டால் 2,600 ரூபாய்க்கு மேல் வருகிறது. நம்ம கிளாஸில் யாருக்காவது ஒரு மணி நேரத்துக்கு 2,600 ரூபாய் சம்பளம் தருகிற வேலை இருந்தால் சொல்லுங்கள், நானும் ரெஸ்யூம் கொடுத்துவிடுகிறேன் :-)

நேர்மையாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். போகிற இடம் எலஹங்காவோ ஹெப்பாளோ என்றால் விமானம்தான் சரி, அந்தப் பக்கம்தான் ஏர்போர்ட் இருக்கிறது. ஆள் அம்பத்தூர்க்காரர் என்றால் ரயில்தான், மீனம்பாக்கம் போகிற நேரத்துக்குள் சென்ட்ரல் போய்விடலாம். டெல்லி, கொல்கத்தா என்றால் இந்தப் பேச்சே கிடையாது. நான் விமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. விமானம் வேகமா இல்லையா என்பதை விமானம் முடிவு செய்வதில்லை, விமான நிலையம் போகிற ரோடுதான் முடிவு செய்கிறது. இதுதான் என் கட்சி.

சேஃப்டி ஸ்டாக்

இன்வென்ட்ரி பாடம் ஞாபகம் இருக்கிறதா? சரக்கு எப்போது வரும் என்று உறுதியில்லாவிட்டால் கையிருப்பு அதிகம் வைக்க வேண்டும். சப்ளையர் சொன்ன தேதிக்குக் கொண்டுவந்தால் கையிருப்பு கொஞ்சம் போதும்.

விமான நிலையத்துக்குப் போகிற ரோடும் அப்படித்தான். ஒரு நாள் 50 நிமிடம், ஒரு நாள் இரண்டு மணி நேரம் என்றால் நீங்கள் எந்தக் கணக்கில் கிளம்புவீர்கள்? இரண்டு மணி நேரக் கணக்கில்தான். விமானத்தை விட்டால் டிக்கெட் காசு மொத்தமும் போச்சு. அன்றைக்கு டிராஃபிக் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது இல்லை, ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்து தீர்க்க வேண்டியதுதான். ஊர்ப்பக்கம் இருந்து வருகிற அப்பா அம்மாக்கள் ராத்திரி விமானத்துக்கு மத்தியானமே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அது பயம் இல்லை. அவர்கள் வைக்கிற சேஃப்டி ஸ்டாக்.

ரயிலோ மெட்ரோவோ ஏன் முக்கியம் என்றால், அது வேகமாகப் போகிறது என்பதால் மட்டும் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் போகிறது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறுகிறவர் 50 ரூபாய்க்குள் வண்டி மாறாமல் விமான நிலையம் வந்துவிடுகிறார், எத்தனை மணிக்கு வருவார் என்று கிளம்பும்போதே சொல்லிவிடலாம். அண்ணா சாலையில் டாக்ஸியில் வருகிறவரைக் கேட்டுப் பாருங்கள், கைரேகை ஜோசியம் மாதிரி பதில் வரும்.

யார் ஃப்ளைட்ல போறாங்க?

இப்போது அந்த நக்கலுக்கு வருவோம். 'ஃப்ளைட்ல போறவனுக்கு டாக்ஸிக்குக் காசு இல்லாமலா போயிடும்?'

ஐயா, முதலில் ஃப்ளைட்டில் போகிறவன் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? திருச்சி விமான நிலைய வாசலில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர், துபாய்க்கு டிரைவர் வேலைக்குப் போகிறவர், கோலாலம்பூரில் ஹோட்டல் வேலைக்குப் போகிறவர். டிக்கெட் காசே பல பேருக்குக் கடன் வாங்கிய காசு. அவரை வழியனுப்ப வந்தவர்கள் ஒரு வேன் நிறைய. விமானத்தில் ஏறுகிறவர் ஒருத்தர், ஆனால் விமான நிலையத்துக்கு வருகிறவர்கள் எட்டுப் பேர். இந்த எட்டுப் பேரின் போக்குவரத்துச் செலவு எந்தக் கணக்கில் வருகிறது? டிக்கெட் விலையைக் கம்ப்யூட்டரில் தேடுகிறவருக்கு இவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள்.

என்னோடு படிக்கிற ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் அறந்தாங்கிப் பக்கம். அவன் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர்கள் வீட்டில் திருச்சியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஏன்? புதுக்கோட்டையில் இருந்து திருச்சி போகிற பஸ் விமான நிலையம் இருக்கிற ரோட்டிலேயே போகிறது. ஐம்பது அறுபது ரூபாய் டிக்கெட்டில் கிட்டத்தட்ட வாசலில் இறங்கலாம். சென்னையில் இருந்து டிக்கெட் 2,000 ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்து, ஒரு ராத்திரி தங்கி, மூணு வேளை வெளியே சாப்பிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வண்டி மாறினால் அந்த 2,000 எங்கே நிற்கும்? வீட்டில் நாலு பேர் கூட வந்தால் மைனஸில் போகும். அவன் அம்மா பி.காம் படிக்கவில்லை, ஆனால் இந்தக் கணக்கை அவர் மனசுக்குள்ளேயே போட்டுவிட்டார்.

திருச்சியில் 2024 ஜூனில் புது டெர்மினல் திறந்தார்கள். கோபுரம், ஓவியம் என்று பார்க்க ஜோராக இருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்த விமான நிலையத்தை அந்த வட்டார மக்களுக்கு அருமையாக்கியது கோபுரம் இல்லை, பக்கத்தில் போகிற பஸ்தான்.

அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் டிக்கெட்டே எடுக்காமல் தினமும் ஏர்போர்ட் போகிறவர்கள். பெட்டி ஏற்றுகிறவர், தரை துடைக்கிற அக்கா, டிராலி தள்ளுகிறவர், காபிக் கடைப் பையன், வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன். நீங்களும் நானும் வருஷத்துக்கு ஒரு தரம் போகிற இடத்துக்கு இவர்கள் மாசத்துக்கு 26 நாள் போகிறார்கள். திரிசூலம் ஸ்டேஷனில் காலையில் இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள், எத்தனை பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது என்று. அவர்களுக்கு மாத சீசன் டிக்கெட் இருக்கிறது. ஊருக்கு 35 கிலோமீட்டர் வெளியே, டிக்கெட் 300 ரூபாய் என்று ஆகிவிட்டால் தினமும் போக வர 600 ரூபாய். சம்பளத்தில் மிச்சம் என்ன இருக்கும்? 'டாக்ஸிக்குக் காசு இல்லையா' என்று இவர்களைக் கேளுங்களேன் பார்க்கலாம்.

டாக்ஸிக்கும் ஒரு நியாயம்

டாக்ஸியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்ஸி ஃபிக்ஸட் காஸ்ட், ஒருத்தர் போனாலும் நாலு பேர் போனாலும் அதே ஆயிரம். பஸ் வேரியபிள் காஸ்ட், தலைக்கு 300. நாலு பேர் பெட்டி படுக்கையோடு போனால் பஸ்ஸுக்கு 1,200, டாக்ஸிக்கு 1,000. டாக்ஸியே மலிவு! வயசானவர்கள், கைக்குழந்தை, உடம்பு முடியாதவர்கள் என்றால் கணக்கே பார்க்கக் கூடாது.

ஆனால் டாக்ஸி என்பது நாமாகத் தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் தலையில் கட்டுவதாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கோயம்புத்தூரைப் பாருங்கள். விமான நிலையம் ஊருக்குப் பக்கத்தில்தான். அவிநாசி ரோட்டில் பஸ் வந்துகொண்டே இருக்கிறது. சித்ரா ஸ்டாப்பில் இறங்கினால் அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும். பத்து கிலோமீட்டருக்குப் பஸ் வாங்குகிற காசைவிட இந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோ வாங்குகிற காசு அதிகம். இதே அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் கட்டி, ஜி.டி. நாயுடு பெயரை வைத்து 2025 அக்டோபரில் திறந்தார்கள். காரில் போகிறவர்களுக்கு ஜாலி. பெட்டியோடு சித்ராவில் இறங்கி நடக்கிறவருக்கு அந்தப் பாலம் என்ன செய்தது? பத்து கிலோமீட்டருக்குப் பாலம் கட்ட முடிந்தது, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சின்ன பஸ் விட முடியவில்லையா? வயிறு எரிகிறது.

தூரத்தில் கொண்டுபோய் வைத்தது யார்?

பெங்களூரில் முன்பு எச்.ஏ.எல் விமான நிலையம் இருந்தது. ஊருக்குள்ளேயே. இடம் போதவில்லை என்பது உண்மை. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்தார்கள், பழையதில் பயணிகள் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் மார்ச்சில் ஹைதராபாத்திலும் இதே கதை. பேகம்பேட்டை மூடல், ஷம்ஷாபாத் திறப்பு.

இதில் ஒரு உள்குத்து இருக்கிறது. புது விமான நிலையத்தைக் கட்டிய தனியார் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 25 வருஷத்துக்குப் போட்டியாக இன்னொரு விமான நிலையம் வரக்கூடாது என்று ஒரு ஷரத்து (மைசூர், ஹாசன் மாதிரி சில விதிவிலக்குகளோடு). முதல் போட்டவனுக்கு வருமானம் உறுதியாக வேண்டும், சரி. ஆனால் அதே ஒப்பந்தத்தில் 'இத்தனை வருஷத்துக்குள் ரயில் வரவேண்டும்' என்பதும் அதே அளவு உறுதியாக இருந்திருக்க வேண்டாமா? 2008இல் திறந்த விமான நிலையத்துக்கு 2025 முடிந்தபோதும் மெட்ரோ போய்ச் சேரவில்லை. பதினேழு வருஷம்! 2021 ஜனவரியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹால்ட் ஸ்டேஷன் திறந்தார்கள். டிக்கெட் மலிவு. ஆனால் நாளைக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவு வண்டி. நம்ம விமான நேரத்துக்கு வண்டி இல்லாவிட்டால் மலிவாக இருந்து என்ன பிரயோஜனம்?

இதை அக்கவுண்டிங் பாஷையில் சொன்னால், கட்டினவரின் புத்தகத்தில் இருந்து செலவை எடுத்துப் பயணியின் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். ஊருக்கு வெளியே நிலம் மலிவு. அந்த மிச்சம் ஒரு தடவை அவர்களுக்கு. கூடுதல் 25 கிலோமீட்டர் செலவு ஒவ்வொரு தடவையும் நமக்கு. எந்த ஆண்டறிக்கையிலும் இந்த வரி வராது.

டெல்லிக்காரர்கள் 2011இலேயே விமான நிலையத்துக்குத் தனி மெட்ரோ விட்டார்கள். நியூ டெல்லி ஸ்டேஷனில் இருந்து மூன்றாவது டெர்மினலுக்கு இருபது நிமிடம்தான். முதலில் தனியார் நடத்தினார்கள், கோளாறு வந்து 2012இல் பல மாதம் மூடினார்கள், 2013இல் டெல்லி மெட்ரோவே எடுத்துக்கொண்டது. அப்புறம் கட்டணத்தைக் குறைத்தார்கள், கூட்டம் ஏறியது. ஃப்ளைட்டில் போகிறவன் காசு பார்க்கமாட்டான் என்றால் கட்டணம் குறைந்ததும் ஏன் கூட்டம் ஏற வேண்டும்? யோசியுங்கள்.

வெளிநாட்டுக் கதைகள் மூணு

ஒன்று, மலேசியா. கோலாலம்பூரில் சுபாங் இருந்தது, பக்கம். 1998இல் 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி சிப்பாங்கில் பிரமாண்டமாகக் கட்டினார்கள். எக்ஸ்பிரஸ் ரயில் 2002இல்தான் வந்தது. நாலு வருஷம் ரோடுதான் கதி. வந்த ரயில் 28 நிமிடத்தில் போகிறது, அருமை. ஆனால் டிக்கெட் 55 ரிங்கிட். பஸ் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் நம்ம ஆட்கள் நிறையப் பேர் இன்னும் பஸ்தான். ரயில் வந்தால் மட்டும் போதாது, எல்லாரும் ஏறுகிற விலையில் வரவேண்டும்.

இரண்டு, ஜப்பான். டோக்கியோவுக்கு 60 கிலோமீட்டர் தள்ளி நரிட்டா. நிலம் கொடுக்க மறுத்த விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடினார்கள், உயிர்கள் போயின. 1978இல் திறந்தார்கள். டெர்மினலுக்கு அடியிலேயே ரயில் வந்தது 1991இல். ஜப்பானுக்கே பதின்மூன்று வருஷம்! கடைசியில் ஊருக்குள் இருக்கிற ஹனேடாவுக்கு 2010இல் மறுபடி வழக்கமான சர்வதேச விமானங்களைக் கொண்டுவந்தார்கள்.

மூன்று, கனடா. மொன்ட்ரியால் நகரத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மிராபெல் என்று ஒன்றை 1975இல் திறந்தார்கள். உலகத்திலேயே பெரிசு என்று கனவு, ஏராளமான விவசாய நிலத்தை எடுத்தார்கள். ரயில் போடுவோம் என்றார்கள், போடவே இல்லை. ஜனங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பழைய டோர்வாலை விடவில்லை. 2004இல் மிராபெல்லில் கடைசிப் பயணிகள் விமானம் கிளம்பியது. அப்புறம் டெர்மினலையே இடித்துவிட்டார்கள். நிலம் கொடுத்தவனுக்கும் நஷ்டம், வரி கட்டியவனுக்கும் நஷ்டம்.

இப்போது நம்ம ஊர்

ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், பரந்தூருக்காக.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்ட்டில் அறிவித்தார்கள். நகர மையத்தில் இருந்து 60, 70 கிலோமீட்டர். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், அதில் ஏரியும் வயலும் உண்டு. ஏகனாபுரம் மக்கள் 2022இல் தொடங்கி ஆயிரம் நாளைத் தாண்டிப் போராடினார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது.

மீனம்பாக்கத்தில் இடம் இல்லை என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி ரோடு, ஒரு பக்கம் அடையாறு, சுற்றிலும் மலையும் வீடும். இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டித்தான் நீட்டியிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சில நாட்கள் மொத்தமாக மூடவே வேண்டி வந்தது. சென்னைக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை இங்கேதான். பூந்தமல்லியில் இருந்து பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டப் போவதாகத் திட்ட அறிக்கை போட்டார்கள், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் முதல் கட்டம் சுங்குவார்சத்திரம் வரைக்கும்தானாம். மிச்சம்? 'அடுத்த கட்டம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு தேவனஹள்ளியும் மிராபெல்லும் ஞாபகம் வருகிறது. மீனம்பாக்கத்துக்கு மெட்ரோ வந்ததே 2016 செப்டம்பரில்தான். அங்கிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வெறும் 15 கிலோமீட்டர் சொச்சம். பஸ் நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். 2025 முடிகிறவரை அந்த 15 கிலோமீட்டருக்கே மெட்ரோ ஓடவில்லை. 15க்கே இந்தக் கதி என்றால் 50க்கு?

ரயில் இல்லாமல் திறந்தால் என்ன ஆகும்? தாம்பரத்துக்காரர் 5, 10 ரூபாய்க்குப் போன இடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் டாக்ஸி. திருவொற்றியூர்க்காரர் ராத்திரி விமானத்துக்கு மத்தியானமே கிளம்ப வேண்டும். தரை துடைக்கிற அக்கா வேலையை விட வேண்டும். வயலைக் கொடுத்தவரின் பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். 'வளர்ச்சி' என்று பேனர் மட்டும் பெரிசாக இருக்கும்.

என்ன கேட்கிறேன்?

திட்டத்தைத் திட்டிவிட்டு மட்டும் போனால் 'வெட்டிப் பேச்சு' என்பீர்கள். அதனால் நாலே நாலு கோரிக்கை.

1. எந்தப் புது விமான நிலையமும் ரயில் ஓடத் தொடங்கும் அன்றுதான் திறக்க வேண்டும். விமானம் முதலில், ரயில் 'விரைவில்' என்ற கதை வேண்டாம். ஓடுபாதைக்கு ஒப்பந்தம் போடுகிற அன்றே தண்டவாளத்துக்கும் போட வேண்டும்.

2. பரந்தூர் வந்தாலும் மீனம்பாக்கத்தை மூடக் கூடாது. எச்.ஏ.எல்லையும் பேகம்பேட்டையையும் மூடியது மாதிரி இங்கே நடக்க விடக் கூடாது. நவி மும்பையில் 2025 டிசம்பரில் இருந்து விமானம் ஓடுகிறது, மும்பையில் பழையதும் ஓடுகிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

3. ராத்திரிக்கு ஒரு வழி வேண்டும். சென்னை மெட்ரோ இரவு 11 மணியோடு சரி, காலை 5 மணிக்குத்தான் அடுத்தது. வளைகுடாவில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் வருகிறவர்கள் பலரும் அந்த இடைப்பட்ட நேரத்தில்தான் இறங்குகிறார்கள். விமான நிலைய வாசலில் இருந்து கிளாம்பாக்கத்துக்கும் சென்ட்ரலுக்கும் மணிக்கு ஒரு பஸ், ராத்திரி முழுக்க. வெளியே வருகிற இடத்திலேயே நேரப் பலகை, தமிழில். இதற்குக் கோடிகள் வேண்டாம், மனசுதான் வேண்டும்.

4. கோவை மாதிரி ஊர்களில் மெயின் ரோடு ஸ்டாப்பில் இருந்து டெர்மினலுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு சின்ன பஸ். பத்து ரூபாய் டிக்கெட் போதும்.

நம்ம பங்குக்கும் ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை யாராவது "1,800 ரூபாய்க்கு டிக்கெட்" என்று சொன்னால் வாயைப் பிளக்காதீர்கள். வீட்டு வாசலில் இருந்து போய்ச் சேருகிற வாசல் வரை எவ்வளவு ஆச்சு, எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேளுங்கள். நாம் இந்தக் கணக்கைக் கேட்காதவரை, அதைப் போட வேண்டிய அவசியம் மேலே இருக்கிற யாருக்கும் வராது. விமான நிலையத்தை இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி வைத்தாலும், "ஃப்ளைட்ல போறவனுக்குக் காசா இல்ல" என்று சொல்லிவிட்டு, சைரன் வைத்த காரில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களுக்கென்ன, அந்தக் காருக்கு ஓவர்ஹெட்டும் நம்ம கணக்கில்தான்.